ரசீதில் 'ட்ரிகர்' என்று மட்டும் எழுதித் தந்தால் மீனை வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. 38 வெள்ளிக்கு ஒரு மீன் வாங்கினேன். இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பவளத் தொட்டியில் பாதி போய்விட்டது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடைய தொட்டி ஐந்தடி, ஏறக்குறைய 540 லிட்டர். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில் இருக்கிறது. இந்த ஊர் வெக்கைக்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இல்லாவிட்டால் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடும் என்பதால் அது ஓயாமல் ஓடும். கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினால் பதிவு வேறு பக்கம் போய்விடும், விடுங்கள். உள்ளே மீன் என்று ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு மஞ்சள் ராஸ்; கூடவே இரண்டு க்ளீனர் இறால், ஒரு டஜன் டர்போ நத்தை, கொஞ்சம் ஹெர்மிட் நண்டு. பாறைமேல் டார்ச், ஹேமர், சோவாந்தஸ் பவளங்கள்.

எனக்கு ரொம்ப நாளாக ட்ரிகர் மீன் மேல் ஆசை. மற்ற மீன்கள் போல இல்லை அது. கண்ணைத் தனித்தனியாக உருட்டி நம்மைப் பார்க்கும், சாப்பாடு போடுகிற ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு வரும். ப்ளூ த்ரோட் என்ற வகையைப் பவளத் தொட்டியில் வைக்கலாம் என்று தெரிந்துகொண்டு, அதைத் தேடித்தான் கடைக்குப் போனேன். இருந்தது. ஆண் மீன், 140 வெள்ளி. தயங்கினேன். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"பாஸ், அதே குடும்பம்தான், இதைப் பாருங்க. 38 வெள்ளி. சின்னதிலேயே விட்டா ரீஃபுக்குப் பழகிக்கும்."

ஆறு சென்டிமீட்டர் இருக்கும். கரும்பச்சை உடம்பில் ஆரஞ்சு நிறத்தில் சாய்வான வரிகள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'ட்ரிகர் – ரீஃப் ஓகே' என்று எழுதியிருந்தது, அதாவது பவளத் தொட்டியில் விடலாம் என்று. "இறால் இருக்கு அங்கிள், பரவாயில்லையா?" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "நோ ப்ராப்ளம்". இது என்ன வகை என்று மட்டும் நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் தப்பு என்னுடையது.

முதல் இரண்டு வாரம் பாறைப் பொந்தை விட்டு வெளியே வரவில்லை. மைசிஸ் (இறால் மாதிரியான குட்டித் தீனி) போட்டால் தலையை நீட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு க்ளீனர் இறாலைக் காணோம். சட்டை உரித்துவிட்டு ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நான்கு நாளில் இரண்டாவதும் இல்லை. அப்புறம் டர்போ நத்தைகள். காலையில் எழுந்து பார்த்தால் மணலில் காலி ஓடு கிடக்கும், வாய் ஓரம் கடித்து உடைத்த மாதிரி. ராத்திரி தொட்டியிலிருந்து 'கொர்க் கொர்க்' என்று சத்தம். பம்ப் பழுதாகிவிட்டதோ என்று கழற்றிக் கழுவி மாட்டினேன். உறுமியது மீன்தான்.

அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பது வருடம் மீனோடு கிடந்தவர். பார்த்ததும் சிரித்துவிட்டார். "மக்ளே, இது கிளாத்தில்லா! தோலை உரிச்சு குழம்பு வைக்கதைக் கொண்டு கண்ணாடிப் பெட்டில வச்சிருக்க? ஓட்டோட நண்டைக் கடிக்கப்பட்ட வாயிலே அது."

அவர் சொன்னது சரி. நம் பக்கம் கிளாத்தி என்று வலையில் டன் கணக்கில் வருகிற ஓடோனஸ் நைஜரும் நான் வாங்கியதும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 40 இனங்கள் இருக்கின்றன. 'அதே குடும்பம்தான்' என்று கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. பூனையும் புலியும்கூட ஒரே குடும்பம்தான். அன்று ராத்திரி உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் வாங்கி வந்தது பாலிஸ்டாபஸ் அண்டுலேடஸ். ட்ரிகர்களிலேயே மிக முரட்டுத்தனமானவை என்று பேர் எடுத்த இனங்களில் ஒன்று. நத்தை, நண்டு, முள்ளெலி, சின்ன மீன், பவள நுனி என்று எதையும் விடாது. வளர்ந்தால் 30 சென்டிமீட்டர்.

அதற்குள் அது வளையை விட்டு வெளியே வந்து தொட்டியைத் தன் பேரில் எழுதிக்கொண்டுவிட்டது. டார்ச் பவளத்தின் இரண்டு தலைகளைக் கடித்துத் துப்பியது. ஒட்டாமல் வைத்திருந்த சின்னப் பவளத் துண்டுகளை வாயில் கவ்வி மூலைக்கு மூலை எறிந்தது. ஃபாக்ஸ்ஃபேஸின் வால் கிழிந்து, ஒரு வாரத்தில் செத்தது. பாசி சுரண்டக் கை விட்டபோது என் விரலில் ஒரு கடி. வெளிவரிசையில் மேலே எட்டு, கீழே எட்டுப் பல், உளி மாதிரி. ரத்தம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிடிப்பது அதைவிடப் பெரிய கதை. ட்ரிகரின் முதுகில் முதல் முள் நிமிர்ந்தால், பின்னாலுள்ள இரண்டாவது சின்ன முள் அதைப் பூட்டிவிடும். பொந்துக்குள் போய் முள்ளை நிமிர்த்திக்கொண்டால் இழுத்தாலும் வராது. வலை போட்டால் அதே முள் வலைக்கண்ணில் சிக்கி மீனும் காயப்படும், வலையும் கிழியும். என் வலை கிழிந்தது. கடைசியில் அப்பா சொன்னபடி அது ஒளிந்த பாறையைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு வாளியில் ஏற்றி, மீனோடு வெளியே எடுத்தேன். அந்த இரண்டாவது முள்ளைக் குச்சியால் மெல்ல அழுத்தினால் பூட்டு திறந்து முதல் முள் மடங்குகிறது. துப்பாக்கி விசை மாதிரி. பேரே அதனால்தான் வந்தது. இதற்காக இருபது கிலோ பாறையைக் கலைத்ததில் ஹேமர் பவளம் ஒன்று உடைந்தது தனிக் கணக்கு.

மீனைக் கடைக்கு எடுத்துப் போனேன். "பாஸ், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குணம். நீங்க சாப்பாடு பத்தாம போட்டிருப்பீங்க," என்றார். பணம் கிடையாது, வேண்டுமானால் 10 வெள்ளிக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார். ரசீதை நீட்டினேன். அதில் 'ட்ரிகர் x 1' என்று மட்டும் இருந்தது. "ட்ரிகர்தானே கொடுத்தேன்?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். புகார் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தாலும் அந்த ஒரு வார்த்தையில் வந்து நிற்கும். ரீஃப் ஓகே என்று அவர் வாயால் சொன்னதற்கும் சீட்டில் எழுதியதற்கும் என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

மீன் இப்போது எனக்குத் தெரிந்த ஒருவரின் தொட்டியில் தனியாக இருக்கிறது. வெறும் பாறையும் அதுவும் மட்டும், ராஜா மாதிரி. கோபத்தில் யாரும் கடலில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், இங்கே அது சட்டப்படி குற்றம்.

சரி, ட்ரிகரே வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஸாந்திக்திஸ் என்ற பேரினத்து மீன்கள் நடுத்தண்ணீரில் மிதக்கும் சின்ன உயிரிகளைத் தின்று வாழ்பவை. ப்ளூ த்ரோட் (ஸாந்திக்திஸ் ஆரோமார்ஜினேடஸ்) இதில்தான் வரும். வாயைப் பார்த்தாலே தெரியும், கீழ்த்தாடை கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும். கன்னத்தில் கோடு கோடாகப் பள்ளம் ஓடும். ஆணுக்குக் கன்னம் நீலம், துடுப்பு ஓரம் மஞ்சள். பெண் சாம்பல் நிறம்தான், அதனால் விலையும் குறைவு. க்ராஸ்ஹாட்ச்சும் இந்த வகைதான், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நைஜரும் மிதக்கும் உணவைத் தின்பதுதான், பவளத்தைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், வயதானால் குணமும் மாறலாம், ஐந்தடித் தொட்டிக்கு நான் துணிய மாட்டேன். பிக்காசோ, க்ளவுன் ட்ரிகர் இரண்டையும் குட்டியாகப் பார்த்து மயங்காதீர்கள். விரல் நீளத்தில் விற்கிற க்ளவுன் ட்ரிகர் அரை மீட்டர் வரை வளரும்.

ப்ளூ த்ரோட்டிலும் உத்தரவாதம் கிடையாது. இறாலை முதலில் விட்டுப் பழக்கி, ட்ரிகரைக் கடைசியாக விட வேண்டும். பின்னால் புதிதாக விடுகிற இறாலை அது சாப்பாடு என்றே நினைக்கும். மேலே வலைமூடி கட்டாயம், துள்ளிக் குதிக்கும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் பவளத் தொட்டியில் செம்பு மருந்து போட முடியாது, இறாலும் பவளமும் செத்துவிடும். அதனால் முதலில் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடையில் மீனின் அறிவியல் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் போட்டோ எடுத்து, வெளியே வந்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குவதென்றால் அந்தப் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போன சனிக்கிழமை உப்பு வாங்க அந்தப் பக்கம் போனபோது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அதே தொட்டியில் மூன்று குட்டிகள், கரும்பச்சையில் ஆரஞ்சு வரி. அதே சீட்டு. விலை மட்டும் 42 வெள்ளி ஆகியிருந்தது.