கடைத் தட்டா, பாக்கெட்டா, வீட்டுச் சட்டியா: குளூட்டன் இல்லாத இனிப்பு எங்கே?

வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது; கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் பட்டாலும் குடலுக்கு ஆகாது. அதன் பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, இனிப்புகளைப் பெயரை வைத்தே பிரித்தேன். பாதுஷா, ஜிலேபி, குலாப் ஜாமூன் மைதா; வேண்டாம். ரவா லட்டு, கேசரியில் உள்ள ரவையும் கோதுமைதான். திருநெல்வேலி அல்வா, கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கிண்டுவது. மாவு கண்ணில் படாததால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைசூர்பாகு கடலைமாவு, ஜாங்கிரி உளுந்து, அதிரசம் பச்சரிசி. இவை மூன்றும் சாப்பிடலாம் என்று எழுதி வைத்தேன்.

பட்டியல் சரிதான், வாங்கிய இடம்தான் சரியில்லை. கடையில் மாஸ்டரிடமே கேட்டேன். "மைசூர்பாகுல மைதாவா? சேர்க்கவே மாட்டோம்மா" என்றார். உண்மைதான். ஆனால் பாதுஷாவை எடுத்த இடுக்கியாலேயே மைசூர்பாகையும் எடுத்துப் பெட்டியில் அடுக்கினார் பையன். ஜாங்கிரி பொரிந்த சட்டியில் அதற்கு முன் என்ன பொரிந்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இப்போது ஹார்லிக்ஸ் மைசூர்பாகு வேறு வந்திருக்கிறது. அதில் பார்லியும் கோதுமையும் உண்டு.

பாக்கெட்டில் குறைந்தபட்சம் எழுத்து இருக்கிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அந்த வார்த்தை இல்லாத பாக்கெட் என்றால், உட்பொருள் வரிசைக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரிக்குத்தான் என் கண் முதலில் போகும். பாலும் சர்க்கரையுமான பால்கோவா, கடலையும் வெல்லமுமான கடலைமிட்டாய் இரண்டும் வாங்கச் சுலபம். 'கோதுமை இருக்கக்கூடும்' என்று இருந்தால் அதையும் திரும்ப வைத்துவிடுவேன்.

வீட்டுப் பலகாரம்தான் பத்திரம் என்று நினைத்திருந்தேன், மாவு மில்லுக்குப் போகும் வரை. எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்தார். அடுத்து அதே இயந்திரத்தில் என் பச்சரிசி. அப்புறம் அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில்தான் அரைக்கிறேன். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையும் தனியாகப் போய்விட்டது. முறுக்குக்கு மட்டும் இன்னொரு வில்லங்கம்: கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அதனால் பெருங்காயமே போடுவதில்லை.

ஆக, அதிரசமும் மைசூர்பாகும் வீட்டில், பால்கோவா பாக்கெட்டில். கடைத் தட்டில் எங்கள் வீட்டுக்காரருக்கு எதுவும் இல்லை. ஜாங்கிரிதான் பாக்கி. மூன்று தடவை பிழிந்து பார்த்தேன், மூன்று தடவையும் வடையாகத்தான் வந்தது. பாகில் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார்.