மரப்பெரணிப் பலகை: ஆர்க்கிட் வளர்ப்போருக்கு ஒரு மதிப்பீடு

ஆர்க்கிட் செடிகளைக் கட்டி வளர்ப்பதற்காக நாற்றங்கால்களில் விற்கப்படும், மரம்போல் உயரும் பெரணியின் (fern) வேர்நாராலான மரப்பெரணிப் பலகையைச் சென்னையின் கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் மொட்டை மாடிப் பந்தலில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பயன் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடைமழையிலும் பலகை நீரைத் தேக்கி வைக்கவில்லை. தென்னை மட்டையில் கட்டிய டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டின் வேர்கள் அழுகிய அதே வாரங்களில், இதில் கட்டிய செடியின் பச்சை வேர்நுனிகள் நாருக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தன. கோடையில் மட்டும் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். விலை அதிகம்தான்.

இதில் மரக்கட்டை சிறிதும் இல்லை. மரப்பெரணியின் மெல்லிய தண்டைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் இறங்கிப் பின்னிக்கொள்ளும் வேர்களே கருத்து, கம்பிபோல் விறைத்து, விரலைக் கீறும் இந்த நாராகின்றன. இந்தியாவில் இதற்காக வெட்டப்படுபவற்றுள் அல்சோஃபிலா ஸ்பைனுலோசா என்ற முள்காம்புப் பெரணியும் ஒன்று. சிக்கிம், டார்ஜிலிங், அருணாசலம் தொடங்கித் தைவான், தென் ஜப்பான் வரை, நிழல் கவிந்த ஈரப் பள்ளத்தாக்குகளிலும் ஓடைக் கரைகளிலும் அது வளர்கிறது. அத்தகைய இடத்தை விட்டு அதனால் எளிதில் விலக இயலாது. ஏனெனில் பெரணிக்கு விதைபோல் உதவும் வித்துத்தூளிலிருந்து முதலில் முளைக்கும் சிறு பச்சைத் தகட்டில் ஆண் அணு நீந்திச் சென்று கருவுறுவதற்கு நீர்ப்படலம் வேண்டும். வளர்நுனியும் பொதுவாக உச்சியில் ஒன்றே என்பதால், பலகைக்காகத் தண்டை வெட்டினால் அடிமரம் மீண்டும் துளிர்ப்பது அரிது.

சையாத்தியா குடும்பத்து மரப்பெரணிகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு கடந்த வணிகத்துக்கு அனுமதிச் சான்று தேவை. நான் வாங்கிய கடையில் கேட்டபோது, "வடக்கிலிருந்து வருகிறது" என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை; பில்லிலும் "ஆர்க்கிட் பலகை" என்று மட்டுமே இருந்தது. எங்கிருந்து வெட்டப்பட்டது என்று சொல்ல முடியாத சரக்கை, எவ்வளவு தரமாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய மரச்சட்டக் கூடை பெரும்பாலான டென்ட்ரோபியங்களுக்கும் வாண்டா வகை ஆர்க்கிட்டுகளுக்கும் போதும்.

ஏற்கெனவே பலகை வைத்திருப்பவர்கள் செடி பட்டுப்போனதும் அதை எறிந்துவிட வேண்டாம். பழைய வேர்களைப் பிடுங்கி, கொதிநீர் ஊற்றி, நன்றாக வெயிலில் காயவைத்தபின் அடுத்த செடியை நைலான் நரம்பால் அதிலேயே கட்டலாம்.