பனிப்பரப்பைக் கண்காணிக்க மோடிஸா, சென்டினல்-2ஆ?

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ புவியியல் படித்துக்கொண்டு, இமயமலைப் பனிப்பரப்பின் மாற்றத்தை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள், இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே அதைச் செய்துவிட முடியும். எந்தப் படங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதே முதல் கேள்வி.

டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி 2000 முதல் நாள்தோறும் படம் தருகிறது. அதன் பனிப்பரப்புத் தரவில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) தரையில் 500 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஏறத்தாழ 25 ஹெக்டேர் என்பதால், குறுகிய பள்ளத்தாக்குகளில் பனியும் பாறையும் ஒன்றாகக் கலந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள் வரிசை தொடங்கியது 2015இல்தான். ஆனால் அதில் பச்சை ஒளிப்பட்டை 10 மீட்டர் படப்புள்ளியிலும், பனியை மேகத்திலிருந்து பிரித்தறிய உதவும் குற்றலை அகச்சிவப்புப் பட்டை 20 மீட்டரிலும் கிடைப்பதால், பனிக்கோட்டின் (பனி முடியும் எல்லையின்) வளைவுகள்கூடத் தெளிவாகத் தெரியும்.

மேகம் இரண்டுக்குமே தடை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பேச்சிப்பாறை அணையைப் படத்தில் தேடியவர்களுக்கு இது புரியும். மோடிஸ் மறுநாளே மீண்டும் பார்க்கும். சென்டினல்-2க்கோ, இரு செயற்கைக்கோள்கள் இயங்கினாலும், பொதுவாக ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

பல்லாண்டுப் போக்கை அறிய விரும்புவோருக்கு மோடிஸையே பரிந்துரைப்பேன். ஒரே பள்ளத்தாக்கின் உருகலை ஆராய்பவர்கள் தயங்காமல் சென்டினல்-2ஐ எடுக்கலாம்.