பாதரசமா, பீப்பாயா?
1773, கரீபியனில் கிரெனடா தீவு. அலெக்சாண்டர் என்ற தோட்ட முதலாளியின் ஆஸ்பத்திரியில் 32 அடிமைகள் யாஸ் (ஒட்டிப் பரவும் ஒரு தோல்நோய்) புண்ணோடு கிடந்தார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் கொடுத்தது பாதரசம். எச்சில் கொட்டும், ஈறு வீங்கும், பல் ஆடும். அன்றைக்கு அதுதான் படித்தவர் வைத்தியம்.

அடிமை வைத்தியர் ஒருவரின் வழி வேறு. பீப்பாய்க்குள் சின்னதாக நெருப்பு மூட்டி, நாளைக்கு இருமுறை நோயாளியை அதில் வியர்க்கவிடுவார். குடிக்க இரண்டு மரங்களின் கஷாயம். புண்ணுக்கு, எலுமிச்சைச் சாற்றில் குழைத்த இரும்புத்துரு. நம்மூர்ப் பாட்டிகள் கேட்டால் தலையாட்டியிருப்பார்கள்.

முதலாளி இருவரிடமும் சிலரைப் பிரித்து விட்டுப் பார்த்தார். கருணை என்று நினைக்க வேண்டாம், ஆள் படுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். இரண்டே வாரத்தில் அடிமை வைத்தியரிடம் போனவர்கள் தேறினார்கள்; டாக்டரின் நோயாளிகளுக்கு ஆறவில்லை. முதலாளி இதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்த வேதியியல் பேராசிரியர் ஜோசப் பிளாக்குக்குக் கடிதமாக எழுதினார். வைத்தியரின் பெயரைத்தான் எழுதவில்லை.