‘அப்’ என்றாலும் சம்மதம், ‘டௌன்’ என்றாலும் சம்மதம்

வார இறுதியில் மலையேறப் போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டால், ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘ஐம் இன்’, ‘ஐம் அப் ஃபார் இட்’, ‘ஐம் டௌன்’, ‘ஐம் கேம்’ என்று நான்கு விதமாகச் சம்மதம் சொல்லலாம். அகராதி நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருவதால் எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கேட்பவர் அவற்றை ஒரே எடையில் எடுத்துக்கொள்வதில்லை.

இவற்றுள் உறுதி மிகுந்தது ‘ஐம் இன்’. சீட்டாட்டத்தில் அந்தச் சுற்றில் தொடர்ந்து ஆடுபவரை ‘இன்’ என்றும், விலகியவரை ‘அவுட்’ என்றும் சொல்வார்கள். பேச்சிலும் அதே உணர்வு இருக்கிறது. ‘ஐம் இன்’ என்று நீங்கள் சொன்னதும் உங்களையும் கணக்கில் சேர்த்து வண்டியில் இடம் ஒதுக்கிவிடுவார்கள், ஆகவே பிறகு வராமல் போனால் அது வாக்குத் தவறியதாகவே படும். போக்கர் ஆட்டத்தில் கையிலுள்ள பந்தயச் சில்லுகள் அனைத்தையும் பந்தயம் வைப்பதைக் குறிக்கும் ‘ஆல் இன்’, பேச்சில் முழு ஈடுபாட்டைக் காட்டுவது என்பதால், ஒரு நாள் மலையேற்றத்துக்கு அது சற்று அதிகம்.

‘ஐம் அப் ஃபார் இட்’ என்பது வாக்குறுதி அன்று. விருப்பமும் தெம்பும் இருக்கின்றன என்ற அறிவிப்பு மட்டுமே. திட்டம் இன்னும் முடிவாகாத நிலையில் இதுவே பொருத்தமான விடை என்பது என் கருத்து. ‘ஃபார்’ இருக்கும் இடத்தில் ‘டு’ வந்தால் பொருள் விருப்பத்திலிருந்து திறனுக்குத் தாவிவிடுகிறது: ‘ஐம் நாட் அப் ஃபார் இட்’ என்றால் எனக்கு நாட்டமில்லை, ‘ஐம் நாட் அப் டு இட்’ என்றால் என்னால் முடியாது. மேலாளர் ஒரு பொறுப்பைத் தர முன்வரும்போது இரண்டாவதைத் தவறுதலாகச் சொன்னால், வேறு வேலை இருப்பதால் மறுக்கிறீர்கள் என்று அவர் எண்ணமாட்டார். உங்கள் தகுதியையே நீங்கள் மறுப்பதாக எண்ணுவார். பிரிட்டனில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எதற்கு என்று குறிப்பிடாமல் மூன்றாம் நபர் ஒருவரைப் பற்றி ‘அப் ஃபார் இட்’ என்று சொன்னால், அது பாலியல் இசைவைச் சுட்டுவதாகவும் கேட்கப்படும்.

நம்மவர்களை அதிகம் குழப்புவது ‘டௌன்’ தான், ஏனெனில் அந்தச் சொல் நமக்கு வேறு வழிகளில் முன்பே பழக்கமானது. விடுப்புக் கடிதங்களில் ‘டௌன் வித் ஃபீவர்’ என்று எழுதியிருக்கிறோம். ஊர்வலங்களில் ‘டௌன் வித்’ என்பது ‘ஒழிக’ என்ற முழக்கம். ‘ஐம் ஃபீலிங் டௌன்’ என்றால் மனச்சோர்வு. இவ்வளவுக்கும் நேர் எதிராக, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சில் வேரூன்றி, பின்னர் அமெரிக்க இளைஞர்களிடையே பரவிய ‘ஐம் டௌன்’ மனமார்ந்த ஒப்புதலைத் தருகிறது. நோயின் பெயர் பின்தொடர்ந்தால் உடல்நலக் குறைவு என்றும், எழுவாயே இல்லாமல் தொடங்கினால் முழக்கம் என்றும், ‘ஐம் டௌன் வித் தட்’ என்று ஒரு யோசனையைச் சுட்டினால் உடன்பாடு என்றும் பிரித்தறியலாம். ‘ஐம் டௌன் டு கோ’ என வினைச்சொல்லும், ‘ஐம் டௌன் ஃபார் பீட்சா’ எனப் பெயர்ச்சொல்லும் இதனுடன் சேரும். ‘டௌன் ஆன்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் மட்டும் அவர்மீது நல்லெண்ணம் இல்லை என்று பொருள். சம்மதம் சொல்லும் ‘ஐம் டௌன்’ நண்பர்களிடையே இயல்பாக ஒலிக்கும் வழக்கு. நேர்முகத் தேர்வுக்கு அழைத்தவருக்கு எழுதும் பதிலில் இதற்கு இடமில்லை.

‘ஐம் கேம்’ சண்டைச் சேவலின் துணிச்சலைக் குறித்த பழைய வழக்கிலிருந்து வந்தது. இன்று சற்றே பழமை தட்டினாலும், புதிதாகவோ கடினமாகவோ உள்ள ஒன்றை முயன்று பார்க்கும் துணிவை இது காட்டுவதால், அன்றாடக் காபி அழைப்புக்கு இதைவிட ‘ஷ்யூர்’ போதும்.

தோற்றத்தில் இவற்றை ஒத்திருந்தும் இந்தக் குடும்பத்தில் சேராதது ‘ஐம் ஆல் ஃபார் இட்’. மலையேற்றம் நல்ல யோசனை, தாராளமாகப் போங்கள் என்று ஆதரிப்பவரும் இப்படிச் சொல்லலாம். தானும் வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே இந்தப் பதில் கிடைத்தால், இருக்கைகளை எண்ணுவதற்கு முன் ‘ஸோ, ஆர் யூ இன்?’ என்று மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.