புகைக்கு எந்த விறகு? டிரம்மோடு ஐந்து வருஷம்

எங்கள் ஊரில் புகை போடுவது என்றால் அது ரப்பர் சீட்டுக்குத்தான். பனச்சமூட்டுப் பக்கம் வீடு; கொஞ்சம் நடந்தால் கேரளா. பாலை உறையவைத்து, ரோலரில் அடித்து, சீட்டைப் புகைப்புரையில் நாலைந்து நாள் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் இறங்கும். சின்ன வயதில் அந்தப் புரைக்குள் தீ பார்க்கிற வேலை எனக்கு. தீ எழும்பவும் கூடாது, அணையவும் கூடாது. 2020 ஊரடங்கில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, இதே வித்தையை இறைச்சியில் காட்டினால் என்ன என்று தோன்றியது.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நாங்க புகையில கிடந்து கண்ணு போகாம இருக்கத்தான் மக்களே கேஸ் வாங்கினது. நீ பைசா குடுத்துப் புகை வாங்குதியே!”

பைசா கொடுத்து வாங்கியது ஒரு டிரம். சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் இரும்பு டிரம், பழைய இரும்புக் கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய். ரசாயனம் வந்த டிரம் என்றால் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் சரி. உள்ளே இருந்த பெயின்ட் போவதற்கு இரண்டு தடவை பெருந்தீ போட்டு எரித்தேன். இறைச்சி வைக்கும் தட்டுக்கு ஜி.ஐ. கம்பி வாங்கிப் போனேன். வெல்டிங் பட்டறை அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். சூடேறினால் அதில் பூசிய துத்தநாகம் புகையும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும், அது அவர் பட்டு அறிந்தது. எவர்சில்வர் கம்பியில் அடித்துக் கொடுத்தார். அடியில் தீக்கூடை, நடுவில் தண்ணீர்ப் பாத்திரம், மேலே தட்டு. டிரம்மின் கதை அவ்வளவுதான், இனி விறகு.

முதல் வருஷம் ரப்பர் விறகைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் பாதி வீட்டு அடுப்பில் எரிவது அதுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது விழுந்த மரங்களின் கட்டைகூட இன்னும் சில வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. ஓசியில் கிடைக்கிற விறகு. குழம்பு வைக்க நல்ல விறகு, எளிதில் பற்றும். ஆனால் கோழியில் வேறு கதை. பட்டையோடு போட்டால் அதில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் எரிந்து, டயர் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஒரு வாடை. பட்டையைச் செதுக்கிவிட்டுப் போட்டால் வாடை குறையும், ஆனால் மரம் லேசு, சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். இன்னொரு சிக்கல், வெட்டிப்போட்ட ரப்பர் தடியில் சீக்கிரமே பூஞ்சை ஏறி நீலம் பாரிக்கும், வண்டும் துளைக்கும். பூஞ்சை பிடித்த கட்டையைப் புகைக்குப் போட்டால் பழைய சாக்குமூட்டை வாசம் இறைச்சியில் உட்கார்ந்துவிடும். ஒரு கிறிஸ்துமஸ் வாத்து அப்படிப் போனது.

அடுத்த தவறு அதைவிடப் பெரிது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தடி மில்லில் இரண்டு சாக்கு அறுப்புத்தூள் வாங்கி வந்தேன். தூள் நன்றாகக் கங்கும், தீ எழும்பாது, புகைக்கு ஏற்றது என்று கணக்கு. பன்றித் தொடையில் ஒரு மாதிரி மருந்துக் கசப்பு. திரும்பிப் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஃபர்னிச்சருக்குப் போகும் ரப்பர் தடியும் அங்கேதான் அறுபடுகிறது. வண்டு அரிக்காமல் இருக்க போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அந்தத் தடிக்குள் அழுத்தி ஏற்றுவார்கள். எந்தத் தடியின் தூள் என் சாக்கில் விழுந்தது என்று மில்காரருக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன, அறுப்புத்தூளை யாரும் தின்னக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவா முடியும்? அன்றிலிருந்து, முழு மரமாக என் கண்ணால் பார்க்காத எதையும் டிரம்மில் போடுவதில்லை. ப்ளைவுட், பெயின்ட் அடித்த ஜன்னல், சாமான் வந்த பெட்டி மரம் எல்லாம் அதில் சேர்த்தி. பெட்டி மரம் பெரும்பாலும் பைன். பிசினுள்ள மரம், கரி அப்பும்.

இப்போது நான் நம்பி வைத்திருப்பது கொய்யா, எங்கள் பேச்சில் பேரமரம். வருஷா வருஷம் கவாத்து பண்ணுகிற மரம், அதனால் மணிக்கட்டுத் தடிமனில் கிளை கிடைத்துக்கொண்டே இருக்கும். பட்டை மெலிசு, தானாக உரிந்துபோகும். மரம் கெட்டி, மெதுவாகக் கங்கும். கோழித்தோல் செம்பு நிறத்தில் வரும். புகை வாசம் இருக்கும், ஆனால் மசாலாவை மூடாது. அமெரிக்காவில் புகைக்குப் போடுகிற ஹிக்கரி மரத்தின் சீவல் ஒரு பாக்கெட் ஆன்லைனில் வாங்கி, ஒரே நாளில் ஒரே கோழியின் இரண்டு பாதியை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம். மூன்று பேர் கொய்யா பக்கம், ஒருவர் ஹிக்கரி பக்கம். அம்மா மட்டும் இரண்டும் கரிஞ்சிருக்கு என்றார்.

பிலா, அதாவது பலா, கொய்யாவுக்கு அடுத்தது. மஞ்சள் மரம், இனிப்பான மெல்லிய புகை, மீனுக்குப் பொருத்தம். தேங்காய்ப்பட்டணத்தில் சூரை மலிவாகக் கிடைக்கிற நாளில் பிலாக் கட்டைதான் எடுப்பேன். மாமரமும் அந்த வகைதான், பால் வடிகிற பச்சைக் கிளை மட்டும் வேண்டாம். அயனி என்கிற காட்டுப்பலாவில் ஒரு தடவை பண்ணினேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அயனித் தடியை எரித்ததைப் பார்த்து பக்கத்து வீட்டு மாமன் ஒரு வாரம் பேசவில்லை. கதவு செய்கிற மரம் அது.

புளி வேறு சாதி. இரும்பு மாதிரி கட்டை, கோடாலி தெறிக்கும், ஆனால் அதன் கங்கு நின்று எரியும். புகைக்கு அதைத் தொடுவதில்லை, சூட்டுக்கு மட்டும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் காற்றாலைக்கு அடியெல்லாம் சீமைக்கருவேல். எல்லோரும் திட்டுகிற மரம். ஆனால் டெக்சாஸ்காரர்கள் இறைச்சி சுடக் கொண்டாடும் மெஸ்கீட் இதன் நெருங்கிய சொந்தம். வள்ளியூர்ப் பக்கத்து சித்தப்பா ஒரு கட்டு கொடுத்துவிட்டார். புகை காரம், வேகம். போத்து (எருமை) இறைச்சியை மெலிசாக அரிந்து ஒரு மணி நேரத்தில் எடுப்பதற்கு அருமை. ஏழு மணி நேரம் வேகிற பன்றித் தொடைக்கு அதுவே கசப்பாகிவிடும். கிராம்புக் குச்சி போட்டுப் பார்த்தேன், மலையோரம் கிராம்புத் தோட்டம் இருக்கிறதே என்று. நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம்.

கொல்லாமரம், அதாவது முந்திரி மரம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. மரம் பரவாயில்லை, ஆனால் அண்டித்தோட்டை (முந்திரிக்கொட்டையின் ஓட்டை) பக்கத்தில் கொண்டுவராதீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீஸில் கையில் சாம்பலும் எண்ணெயும் தேய்த்துக்கொண்டு உட்கார்வது எதற்காக? அந்தத் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். அதே எண்ணெய் புகையில் ஏறினால் கண்ணும் தொண்டையும் என்ன ஆகும்? சேங்கொட்டை, சேரு இரண்டும் அதே குடும்பம். அரளி, எட்டி, தில்லை பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை விஷம். வேம்பு விஷமில்லை, கசப்பு என்பது என் கட்சி.

சரி, இத்தனை மரம் சொன்னாலும், இப்போது யாராவது கேட்டால் மரத்தின் பெயரை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் கேட்பது, “காய்ந்ததா?” நல்ல கொய்யாவாக இருந்தாலும் ஈரமாக இருந்தால் ரப்பரைவிட மோசம். சூட்டில் பாதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், தீ கும்மும், வெள்ளைப் புகை கெட்டியாக எழும்பும், அது இறைச்சியின் மேல் தார் மாதிரி படியும். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சரியான சூட்டில் உடையும்போது வருகிற குவாயகோல், சிரிங்கோல் என்ற வேதிப்பொருள்கள்தான் நமக்கு வேண்டிய ருசியும் மணமும். அதற்குத் தீ சுத்தமாக மூச்சு விட வேண்டும். புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலத்தில் போனால் இறைச்சியை வைக்கலாம். வெள்ளையாகப் புரண்டால் மூடியைத் திறந்து காத்திருப்பேன். முதல் வருஷம் நான் நேர்மாறாகச் செய்தேன்: நிறையப் புகை நல்லது என்று காற்றுத் துளையை அடைத்தேன்.

சிலர் கட்டையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். ஊறப்போட்ட ஒரு கட்டையைப் பிளந்து பார்த்தேன். மேலாக ஒரு நூல் அளவு நனைந்திருந்தது, உள்ளே காய்ந்த மரம். அந்த மேல் ஈரம் ஆவியாகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

காயவைப்பது எங்கள் ஊரில் லேசில்லை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இரண்டும் எங்களுக்கு உண்டு. வெட்டின கிளையை நாலு விரல் நீளத்துக்கு அறுத்து, இரண்டாகப் பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்குவேன். தரையில் போட்டால் கறையானுக்கு விருந்து. காய்ந்ததா என்று பார்க்க சமையலறைத் தராசு போதும். ஒரு கட்டையில் பேனாவால் எடையை எழுதிவிட்டு வாரம் ஒரு தடவை நிறுப்பேன். ஒரு கிலோ இருந்த பச்சைக் கொய்யா நாலு மாதத்தில் 620 கிராமில் வந்து நின்றது. அதற்கு மேல் குறையவில்லை என்றால் நம் ஊர்க் காற்றில் அவ்வளவுதான் காயும். இரண்டு கட்டையைத் தட்டினால் ணங்கென்று கேட்கும், முனையில் வெடிப்பு தெரியும். மழைக்காலத்துக்கான கையிருப்பு பழைய விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில். அம்மா இன்னும் வெந்நீர் போடுவது அந்த அடுப்பில்தான், ஆகையால் பரணில் எப்போதும் சூடு இருக்கும். தன் அடுப்பு எனக்கு உதவுகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, வெளியே காட்டமாட்டார்.

சூட்டுக்கு சிரட்டைக்கரி, அதாவது தேங்காய் ஓட்டின் கரி. சிரட்டையை அப்படியே எரித்தால் கறுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் குழியில் போட்டு எரித்து, புகை அடங்கியதும் தகரம் போட்டு மண்ணால் மூடிவிடுவேன். மறுநாள் கரி தயார், தேய்ப்புப் பெட்டிக்காரர் வாங்கிப்போகிற அதே கரி. கதம்பையை (தேங்காயின் நார் மட்டையை) மட்டும் தவிர்க்கிறேன். மாசிக் கருவாட்டுக்கு அதில் புகை போடுவார்கள் என்பது தெரியும், என் டிரம்மில் அது சாம்பலாகப் பறந்து இறைச்சியில் ஒட்டுகிறது. ஆக, அடியில் கரிக்கங்கு, அதன் மேல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கைப்பிடி அளவு கொய்யாக் கட்டை. டிரம் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். மூடியில் பதித்த மீட்டர் என்னுடையது இருபது டிகிரி பொய் சொல்லும். இறைச்சியில் குத்தும் தெர்மாமீட்டர் அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன், டிரம்முக்கு அடுத்து உருப்படியான செலவு அதுதான். கோழி உள்ளே 74 டிகிரி காட்டாமல் இறங்கக் கூடாது.

பன்றித் தொடையில் ஒரு பாடம். இரண்டு கிலோத் துண்டு, 70 டிகிரி வரை நன்றாக ஏறி, அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. தீ போதவில்லை என்று நினைத்துக் கட்டை கட்டையாகப் போட்டேன். கசந்து போனது. இறைச்சியிலிருந்து வெளிவரும் ஈரம் ஆவியாகும்போது அதைக் குளிர்விக்கிறது, நமக்கு வியர்த்தால் குளிர்கிற மாதிரி. அதுதான் அந்த நிற்பு. புகை நன்றாகப் பிடிப்பதும் மேல் பாகம் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். இப்போது 70 வந்ததும் கட்டை போடுவதை நிறுத்திவிட்டு, வாட்டின வாழையிலையில் பொதிந்து, மேலே ஃபாயில் சுற்றி, வெறும் கங்கில் 92 டிகிரி வரை விடுகிறேன். எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

சூடில்லாமல் புகை மட்டும் போடுகிற முறையை நான் தொடவில்லை. அதற்கு 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஏப்ரலில் எங்கள் திண்ணையே அதற்கு மேல். கிருமிக்குத் தொட்டில் கட்டின மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. புகை போட்ட இறைச்சி தினச் சாப்பாடு இல்லை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது, புகை போட்டதும் அந்தக் கணக்கில் வரும். புகையில் இருக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனுக்கு ஐரோப்பாவில் வரம்பே வைத்திருக்கிறார்கள்: புகை போட்ட இறைச்சி ஒரு கிலோவில் 2 மைக்ரோகிராம். முன்பு 5 இருந்ததை 2014இல் குறைத்தார்கள். என் டிரம்மில் எவ்வளவு என்று அளக்க வழியில்லை. கொழுப்பு கங்கில் சொட்டாமல் தண்ணீர்ப் பாத்திரம் பிடித்துக்கொள்கிறது, கட்டை காய்ந்தது, மாதம் ஒரு தடவை. என்னால் முடிந்தது அது.

இன்று பரணில் கொய்யா ஒன்றரைச் சாக்கு, பிலா அரைச் சாக்கு இருக்கிறது. பேசாமல் இருந்த மாமன் நேற்று வேலி ஓரமாக வந்து நின்றார். “மக்கா, கிணத்தங்கரை பேரமரம் பட்டுப்போச்சு. கொப்பு வேணும்னா வெட்டி எடுத்துக்கோ. அயனியில மட்டும் கை வைக்காதே.” மழைக்கு இன்னும் ஆறு வாரம். நாளைக்கே வெட்டினாலும் இந்த வருஷப் புகைக்கு அது ஆகாது, தை மாதம்தான்.