மாநகர சபையா, தனியார் கிளினிக்கா? நாய், பூனை வைத்தியச் செலவை எங்கே குறைக்கலாம்?

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களிலேயே 350ஐத் தாண்டியபோது, மிருக வைத்தியரின் பில்லும் சேர்ந்து ஏறியது. தடுப்பூசி, உண்ணி மாத்திரை, மயக்க மருந்து எல்லாம் பெரும்பாலும் இறக்குமதிதானே. அதிலிருந்து வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் நாய் வளர்ப்பவர்கள் சந்தித்தால், "எந்தக் கிளினிக்கில் குறைவு?" என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. மலிவான ஓரிடத்தைத் தேடி எல்லாவற்றையும் அங்கேயே முடிக்கப் பார்த்தால் காசு மிஞ்சாது. எந்த வேலையை எங்கே செய்விப்பது என்று பிரித்துப் பார்த்தால்தான் மிஞ்சும்.

விசர்நாய்த் தடுப்பூசியில் யோசிக்க ஒன்றுமில்லை. அரசு அதை இலவசமாகப் போடுகிறது. தனியாரிடம் காசு கொடுத்துப் போடுவதும் அதே வேலையைத்தான் செய்யும். அட்டையில் திகதியும் கையொப்பமும் விழுந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். "ஊசி போட்டாச்சு" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த ஊசி, குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களைத் தடுக்காது. அவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தனியார் கிளினிக்தான் வழி, செலவும் உண்டு. ஆனால் பார்வோ வந்த குட்டியை நாள்கணக்கில் சேலைன் ஏற்றி வைத்திருக்கும் பில்லோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. நாய் வெளியே போவதே இல்லை என்பதும் காவல் ஆகாது, பார்வோ செருப்போடும் உள்ளே வரும்.

6 மாதத்திலோ ஒரு வயதிலோ பூஸ்டர் போட்டபின், பார்வோ, டிஸ்டெம்பர் பகுதி 3 வருடத்துக்கொருமுறை போதும் என்பதுதான் உலகச் சிறுவிலங்கு வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டல். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வருடாவருடம் வேண்டும். மழைக்கு வெள்ளம் நிற்கும் கொழும்பில் அதை விடவே கூடாது. "இந்த வருடம் முழு செட்டும் வேணுமா டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கடையில் தடுப்பூசி வாங்கி வீட்டில் போடும் வழியும் இருக்கிறது. விலை குறைவுதான், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து, பொலித்தீன் பையில் காலி வீதி வெயிலில் வந்தால் அதில் என்ன மிஞ்சும்?

கருத்தடையில் முகாமும் நல்லது, கிளினிக்கும் நல்லது. நாயைப் பொறுத்தது. கொழும்பு மாநகர சபை 2007 முதல் புளூ போ அறக்கட்டளையோடு சேர்ந்து தெரு நாய்களுக்கு ஊசி போட்டுக் கருத்தடையும் செய்தது. அப்படியான முகாம்களில் வேலை செய்யும் வைத்தியர்களின் கை பழகிய கை. இளம், ஆரோக்கியமான நாட்டு நாய்க்கு முகாம் தாராளமாகப் போதும். தையலை நக்காமல் பார்ப்பது மட்டும் நம் வேலை. வயதானது, உடம்பு வைத்தது, பக் இன நாய் மாதிரி மூக்குச் சப்பையானது என்றால் இரத்தம் சோதித்து, மயக்கம் தெளியும்வரை கூடவே இருந்து கவனிக்கும் கிளினிக்குக்குப் போங்கள். இரண்டும் செய்யாமல் தள்ளிப்போட்டால், பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டி, இரவோடிரவாக அவசர ஒப்பரேஷன் என்று வரலாம். அப்போது கேட்பது பல மடங்கு.

உண்ணிக்குப் பவுடர் மலிவு, மாத்திரை விலை. நான் மாத்திரையின் பக்கம். பவுடர் ஒரு குளிப்போடு போய்விடும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் இரத்தம் ஏற்றும் அளவுக்குக்கூடப் போகும். கிழமைக்கு ஒரு தடவை நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு போய் வெளிறியிருந்தால், சிறுநீர் சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்தில் போனால், அன்றைக்கே போக வேண்டும். பெரிய மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுப்பதும் வேண்டாம், மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து பூனையைக் கொன்றுவிடும். பனடோலும் அப்படித்தான், பூனைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையையும் சிலர் சொல்வார்கள். சிக்கலான நோய்க்கு நல்ல இடம், ஆனால் காய்ச்சலுக்கும் சொறிக்கும் கண்டிவரை போனால் மிச்சம் பிடித்தது வான் கூலிக்கே போய்விடும். அதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து காட்டுவது மேல். முன்பு என்ன கொடுத்தார், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரியும், அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவராது. கையில் இருக்கும் தொகையை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, இன்றே செய்ய வேண்டியது எது, சம்பளம் வரும்வரை பொறுக்கக்கூடியது எது என்று கேளுங்கள்.